தறிக்குழிக்குத் தெரிந்த இரண்டு மழை

ஸ்வீடன் நாட்டு வானிலைத் துறையிடம் கேட்டால், காஞ்சிபுரத்தில் வருஷம் 365 நாளும் கோடைகாலம்தான்.

கிண்டல் இல்லை. அவங்க பருவத்தைக் காலண்டர் பார்த்துப் பிரிக்கிறதில்லை, வெப்பநிலை பார்த்துப் பிரிக்கிறாங்க. ஒரு நாளோட சராசரி வெப்பநிலை தொடர்ந்து 5 நாள் 10 டிகிரி அல்லது அதுக்கு மேல இருந்தா, அந்த ஊருக்குக் கோடை வந்தாச்சு. தொடர்ந்து 5 நாள் பூஜ்ஜியம் அல்லது அதுக்குக் கீழ இருந்தா குளிர்காலம். நடுவுல ஏறும்போது வசந்தம், இறங்கும்போது இலையுதிர்காலம். அவ்வளவுதான் விதி. இப்ப நம்ம ஊரைப் பாருங்க. ஜனவரி விடியற்காலையில, டீக்கடையில எல்லாரும் மஃப்ளர் கட்டிக்கிட்டு நிக்கிற நேரத்துலகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். நமக்குக் குளிர்காலமும் கிடையாது, வசந்தமும் கிடையாது. பிறந்ததிலிருந்து ஒரே கோடை!

இந்தக் கணக்கு அவங்களுக்கு ரொம்பச் சரி. ஸ்டாக்ஹோமில் ஜூன் மாசம் பகல் பதினெட்டரை மணி நேரம், டிசம்பரில் வெறும் 6 மணி நேரம். சூரியனே வராத ஊரில் வெப்பநிலைதான் வாழ்க்கையை நிர்ணயிக்கும். காஞ்சிபுரம் இருக்கிறது 12.8 டிகிரி வட அட்சரேகையில். இங்க நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் உள்ள வித்தியாசம் ஒன்றரை மணி நேரம்தான். ஆக, நம்ம ஊர்ப் பருவத்தை வெப்பமானியை மட்டும் வெச்சுப் படிக்க முடியாது. தண்ணியை வெச்சுப் படிக்கணும். தண்ணி எந்தத் திசையிலிருந்து வருது, எத்தனை மணிக்கு வருது, எவ்வளவு நேரம் நிக்குது. இதைப் படிக்க ஒரு நல்ல கருவி பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு இருக்கு. அதுதான் தறிக்குழி.

குழித்தறி பார்க்காதவங்களுக்கு ரெண்டு வரி. தறி தரையோட தரையா இருக்கும். நெசவாளர் தரை விளிம்பில் உட்கார்ந்து, காலைக் குழிக்குள்ள விட்டு மிதிப்பலகையை மிதிப்பார். பாவு நூல் தரையிலிருந்து கொஞ்சம்தான் உயரம். தரைக்குக் கீழ ஒரு பள்ளம், அதுக்கு மேல ஆயிரக்கணக்கான பட்டிழை. ஈரம் மாறினா முதல்ல தெரியறது இங்கதான்.

நூல் குடிக்கிற தண்ணி

பட்டு ஒரு ஈரம் உறிஞ்சி. ஜவுளித்துறை நண்பர்களுக்கு இது தெரியும். காற்றின் ஒப்பு ஈரப்பதம் 65 சதவீதம் இருக்கும்போது, உலர்ந்த பட்டின் எடையில் 11 சதவீதம் அளவுக்குத் தண்ணியை அது இழுத்து வெச்சுக்கும். அதாவது ஒரு கிலோ உலர்ந்த பட்டில் 110 கிராம் தண்ணி. ஒப்பு ஈரப்பதம் 30-க்கு இறங்கினா அந்த 11 ஏறக்குறைய பாதியாகும். 90-ஐத் தாண்டினா 20-ஐ நெருங்கும். நூல் ரொம்பக் காய்ஞ்சா விறைச்சுப்போய் அறும். ரொம்ப ஈரமானா ஒண்ணோட ஒண்ணு ஒட்டும், கஞ்சி இளகும், பாவோட இழுவை மாறும். உடம்பையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கிற சேலையில இந்தச் சின்ன மாற்றமே கண்ணுக்குத் தெரிஞ்சுடும்.

இங்க எல்லாரும் குழம்புற ஒரு இடம் இருக்கு, அதையும் பார்த்துடுவோம். 'ஈரப்பதம் 90 சதவீதம்'னு செய்தியில சொன்னா காத்துல நிறைய தண்ணி இருக்குன்னு நினைக்கிறோம். அது அந்த வெப்பநிலையில காத்து தாங்கக்கூடிய அளவுல எத்தனை பங்குன்னுதான் சொல்லுது. மூணு நாளை எடுத்துக்குவோம், நம்ம ஊருக்குப் பொருந்துற உதாரண எண்களோட.

மே மாச மதியம், வெப்பம் 40 டிகிரி, மேற்கிலிருந்து வறண்ட காத்து, பனிநிலை 20 டிகிரி. ஒப்பு ஈரப்பதம் 32 சதவீதம் வரும். ஒரு கன மீட்டர் காத்துல சுமார் 16 கிராம் நீராவி. அதே நாள் சாயங்காலம் கடல்காத்து உள்ள வந்துடுது. வெப்பம் 33, பனிநிலை 25.5. ஒப்பு ஈரப்பதம் 65, நீராவி 23 கிராம். அடுத்தது நவம்பர் மாசம் நாள் முழுக்க மழை பெய்யிற ஒரு நாள், வெப்பம் 25, பனிநிலை 23.5. ஒப்பு ஈரப்பதம் 91 சதவீதம். ஆனா நீராவி? 21 கிராம்தான்.

அடைமழை நாளைவிட மே மாச சாயங்காலக் காத்துல தண்ணி அதிகம்! ஆனா பட்டு நூல் கிராமைப் பார்க்கிறதில்லை, சதவீதத்தைத்தான் பார்க்குது. அதனால மே சாயங்காலம் நமக்கு வேர்த்து ஊத்தினாலும் நூலுக்குச் சுகம். நவம்பரில் நமக்குச் சுகம், நூலுக்குத் தொல்லை. ஸ்வீடனுக்கு மேல்படிப்புக்குப் போன சீனியர்கள் குளிர்காலத்தில் உதடு வெடிக்குதுன்னு புலம்புறதும் இதே கணக்குதான். வெளியில பூஜ்ஜியம் டிகிரி, ஈரப்பதம் 100 சதவீதம். ஆனா அந்தக் காத்துல இருக்கிறது கன மீட்டருக்கு 5 கிராம்கூட இல்லை. அதை அப்படியே அறைக்குள்ள 21 டிகிரிக்குச் சூடாக்கினா ஒப்பு ஈரப்பதம் சுமார் 25-க்கு வந்துடும். அம்மா கொடுத்தனுப்பின பட்டுப்புடவை அங்க அப்பளம் மாதிரி மொடமொடன்னு இருந்தா சேலையைக் குறை சொல்லாதீங்க.

சித்திரை: ஆறு மணலான காலம்

சூரியன் காஞ்சிபுரத்துக்கு நேர் உச்சியில் வருஷத்துக்கு ரெண்டு தடவை வரும். ஏப்ரல் 24-ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 18-ஐ ஒட்டி இன்னொரு தடவை. நடுப்பகலில் நட்டு வெச்ச குச்சிக்கு நிழலே விழாது. அப்படின்னா ரெண்டு உச்சி வெயில் வரணுமே, ஆகஸ்ட் ஏன் மே மாதிரி இல்லை? காரணம் மேகமும் மண்ணும்தான். ஏப்ரல், மே மாசத்தில் மண்ணில் ஈரம் தீர்ந்துடும். ஈரம் இருந்தா வெயிலோட ஆற்றல்ல ஒரு பங்கு ஆவியாக்குறதுக்குச் செலவாகும். ஈரமே இல்லைன்னா மொத்தமும் சூடாக்குறதுக்குத்தான். கூடவே மேற்கிலிருந்து உள்நாட்டு வறண்ட காத்து. மே 4-ஐ ஒட்டி ஆரம்பிச்சு மே 28 வாக்கில் முடியிற அக்னி நட்சத்திரம் பஞ்சாங்கக் கணக்கு என்றாலும், வெப்பமானியோட அதிகம் சண்டை போடுறதில்லை. பகல் 37, 38 சாதாரணம், 40-ஐத் தாண்டுற நாளும் உண்டு.

சென்னைக்காரங்களுக்கு மதியமே கடல்காத்து கிடைச்சுடும். நாம கடற்கரையிலிருந்து நேர்க்கோட்டில் 60 கிலோமீட்டர் உள்ள தள்ளி இருக்கோம். அது இங்க வந்து சேர சாயங்காலம் ஆயிடும். மேற்குக் காத்து பலமா இருக்கிற நாளில் வரவே வராது. அந்த நாள்லதான் நெசவாளர் வீட்டில் மதியம் தறி ஓடாது. விடியற்காலை நெய்வாங்க, பகல்ல நிறுத்துவாங்க, வெயில் தாழ்ந்ததும் மறுபடி உட்காருவாங்க. மண்குழி இங்க கை கொடுக்கும். பூமிக்குள்ள ரெண்டடி போனாலே பகல் சூடு முழுசா இறங்காது. குழியோட சில்லுப்பும் லேசான ஈரமும் பாவுக்கு அடியிலேயே இருக்கு. நூற்பாலையில் ஈரமாக்கும் எந்திரம் வெச்சுச் செய்யிற வேலையை இங்க ஒரு பள்ளம் முடிஞ்ச அளவுக்குச் செய்யுது.

இந்தக் காலத்தோட தண்ணீர் நிலையை ஊரே ஒரு திருவிழாவா வெச்சிருக்கு. சித்ரா பௌர்ணமிக்கு வரதராஜப் பெருமாள் அய்யங்கார்குளத்தில் இருக்கிற நடவாவிக் கிணற்றுக்குப் போவார். பூமிக்கு அடியில் படியிறங்கிப் போகிற கிணறு அது, உள்ளேயே மண்டபம் இருக்கு. தண்ணியை இறைச்சு மட்டத்தை இறக்கினால்தான் உள்ளே போக முடியும். அங்கிருந்து பாலாற்றுக்கு வருவார். ஆற்று மணலில் ஊறல் தோண்டி உற்சவம் நடக்கும். யோசிச்சுப் பாருங்க, கிணற்று மட்டத்தை இறக்க முடியிற, ஆற்று நடுவில் பந்தல் போட முடியிற ஒரே பருவம் இதுதான். ஐப்பசியில் இந்த விழாவை நடத்தவே முடியாது. ஆறு மேலே வறண்டிருந்தாலும் மணலுக்குக் கீழே தண்ணி ஊறுதுங்கிற விஷயத்தை நீரியல் பேப்பர் எழுதும்போது ஞாபகம் வெச்சுக்கோங்க.

முதல் மழை: சாயங்காலம் வந்து ராத்திரி போறது

ஜூன் பிறந்ததும் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை ஆரம்பிச்சுடும். மேற்குத் தொடர்ச்சி மலை அதை அந்தப் பக்கமே நிறுத்திடுது, தமிழ்நாட்டுக்கு மழை மறைவு, நமக்கு ஒண்ணும் கிடையாது. பள்ளிக்கூடத்தில் இப்படித்தான் படிச்சோம். தமிழ்நாடு முழுசுக்கும் இது ஓரளவு சரி. காஞ்சிபுரத்துக்குச் சரியில்லை. வருஷத்துக்குச் சுமார் 1,200 மி.மீ. மழை பெய்யிற இந்த வட்டாரத்தில் மூணில் ஒரு பங்குக்கு மேல ஜூன் முதல் செப்டம்பருக்குள்ளேயே வந்துடும்.

அது மலையைத் தாண்டி வர்ற மழை இல்லை, இங்கேயே தயாராகிற மழை. பகல் முழுக்க நிலம் சூடாகும். மேற்கிலிருந்து ஒரு காத்து, கிழக்கிலிருந்து கடல்காத்து. ரெண்டும் மோதுற இடத்தில் காத்துக்கு மேலே போறதைத் தவிர வேற வழி இல்லை. மேலே போன காத்து குளிர்ந்து, நாலு மணிக்கு காலிஃப்ளவர் மாதிரி மேகம், ஆறு மணிக்கு இடி, ஏழு மணிக்குக் கரண்ட் கட். வேலூர், ராணிப்பேட்டை பக்கம் உருவான இடிமேகத்தை மேற்குக் காத்து நம்ம பக்கம் தள்ளிக்கிட்டு வரும், அப்புறம் சென்னைக்குக் கொண்டுபோகும். சென்னையில் இருக்கிற வானிலை ஆர்வலர்கள் ஆகஸ்ட் ராத்திரியில ரேடார் படத்தில் காஞ்சிபுரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது இதனாலதான். நமக்குப் பெய்ஞ்சா ஒரு மணி நேரத்தில் அவங்களுக்கும் சான்ஸ்.

ஆடி மாசத்தில் மேற்குக் காத்து உச்சத்தில் இருக்கும். அம்மி பறக்கிறதோ இல்லையோ, கடல்காத்து உள்ளே வர முடியாம நிக்கும், மழையும் தள்ளித் தள்ளிப் பெய்யும். ஆவணி, புரட்டாசியில் மேற்குக் காத்து தளரத் தளர சாயங்கால மழை கூடும்.

இந்த மழையோட குணம் என்னன்னா, பெய்யிறது ஒரு மணி நேரம், ரெண்டு மணி நேரம். ஆனா கொட்டும். 40 மி.மீ. ஒரு மணி நேரத்தில் வந்தா மண் அதைக் குடிக்க நேரமே இருக்காது, தெருவில் ஓடி வடிஞ்சுடும். மறுநாள் காலையில் வெயில் பளிச்சுன்னு அடிக்கும். நெசவுத் தெருவுக்கு இது பெரிய தொந்தரவு இல்லை. ஏன்னா தெருவில் செய்ய வேண்டிய வேலை காலையில்தான். பாவு நூலைத் தெரு நீளத்துக்கு நீட்டி, கம்பு கொடுத்துப் பிரிச்சு, கஞ்சி போட்டு, வெயில் ஏறுறதுக்கு முன்னாடி காய வைக்கிற வேலை அது. அதுக்கு மூணு மணி நேரம் இளவெயில் கிடைச்சா போதும். சாயங்கால மழை அந்த மூணு மணி நேரத்தில் கை வைக்காது. தெருச் சாக்கடை பொங்கினால் தவிர குழிக்குள்ளும் தண்ணி வராது.

இரண்டாவது மழை: நாள் கணக்குத் தெரியாதது

அக்டோபரில் காத்து திசை மாறும். வடகிழக்குப் பருவமழை தொடங்கறதுக்கான வழக்கமான தேதி அக்டோபர் 20. இந்திய வானிலைத் துறை நாடு முழுசுக்கும் போடுற பட்டியலில் அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கும் வெச்சிருக்கிற பேரு என்ன தெரியுமா? 'பருவமழைக்குப் பிந்தைய காலம்'. நமக்கு மெயின் பிக்சரே அப்பதான் ஆரம்பிக்குது, பட்டியலில் படம் முடிஞ்சு போச்சு! தில்லியில் உட்கார்ந்து பார்த்தா அப்படித்தான் தெரியும். ஸ்டாக்ஹோமில் உட்கார்ந்து பார்த்தா நமக்கு வருஷம் முழுக்கக் கோடைன்னு தெரியற மாதிரி.

இந்த மழைக்கு வெயில் தேவையில்லை. வங்கக்கடல்தான் அடுப்பு. 28 டிகிரியை ஒட்டிய கடல் நீர், அதுக்கு மேல வீசுற கிழக்குக் காத்து, அதில் வர்ற அலைகள், காற்றழுத்தத் தாழ்வு, மண்டலம், புயல். சாயங்காலம் வரைக்கும் காத்திருக்காது. நடுராத்திரி ஆரம்பிக்கும், விடியற்காலை வலுக்கும், மூணு நாள் விடாது. 2020 நவம்பரில் நிவர், 2022 டிசம்பரில் மாமல்லபுரம் பக்கம் கரையேறிய மாண்டஸ், 2023 டிசம்பரில் ஆந்திரக் கரைக்குப் போற வழியில் சென்னையை மூழ்கடிச்ச மிக்ஜாம். பேர் வெக்காத தாழ்வு மண்டலங்கள் இன்னும் மோசம். 2015 டிசம்பர் 1-ஆம் தேதி தொடங்கிய 24 மணி நேரத்தில், அன்னைக்குக் காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. பெய்தது. அதுக்குக் காரணமான அமைப்புக்குப் பேரே கிடையாது.

இந்த மழையில் நெசவுத் தெருவுக்கு மூணு அடி விழும். ஒண்ணு, காலை வெயில் இல்லை, பாவு நீட்ட முடியாது. ரெண்டு, ஈரப்பதம் 90-ஐ விட்டு இறங்காது, தறியில் ஏற்கெனவே ஏறியிருக்கிற நூலும் தண்ணி குடிச்சு ஒட்ட ஆரம்பிக்கும். மூணாவதுதான் குழி. அதுக்குக் கொஞ்சம் கணக்கு போடுவோம்.

ஒரு தறிக்குழி மூணடி நீளம், ரெண்டரை அடி அகலம், ரெண்டரை அடி ஆழம்னு வெச்சுக்கோங்க. கொள்ளளவு 18.75 கன அடி, சுமார் 530 லிட்டர். வீட்டுக் கூரை 20 அடிக்கு 15 அடின்னு வெச்சா 28 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 மி.மீ. மழை நாளில் அந்தக் கூரையில் மட்டும் விழறது 2,800 லிட்டர், அஞ்சு குழியை நிரப்பும். இது கூரைத் தண்ணி, அதை வாய்க்கால் வெட்டி வெளியே விட்டுடலாம். தடுக்க முடியாதது தரைக்குக் கீழ வர்ற தண்ணி.

தொடர்ந்து மூணு நாள் நிதானமா பெய்யிற மழையை மண் முழுக்கக் குடிக்கும். ஏரிகள் நிறையும். நிலத்தடி நீர்மட்டம் மேலே வரும். தாழ்வான தெருக்களில் அது தரையிலிருந்து ரெண்டடிக்கு வந்துட்டா, ரெண்டரை அடிக் குழியோட அடித்தளம் நீர்மட்டத்துக்குக் கீழே. அந்த நிமிஷத்திலிருந்து அது குழி இல்லை, கிணறு. வாளியால் இறைச்சுக் கொட்டினா ஒரு மணி நேரத்தில் மறுபடி ஊறி நிக்கும். மழை விட்டு, வெயில் வந்து, செய்தியில் 'இயல்பு நிலை திரும்பியது'ன்னு சொன்ன மூணாவது நாளும் குழிக்குள்ள முழங்கால் அளவு தண்ணி இருக்கிறதுக்கு இதுதான் காரணம். டார்சி விதியைத் தேர்வுக்கு மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. அதோட செய்முறை நெசவாளர் வீட்டு நடுக்கூடத்தில் நடக்குது.

பாலாறு தனிக் கதை. அது கர்நாடகாவில் நந்திமலைப் பக்கம் பிறந்து ஆந்திரா வழியா வருது. அதனால் நம்ம தலைக்கு மேல வானம் தெளிவா இருக்கும்போதும் வெள்ளம் வரலாம். 2021 நவம்பரில் ஒரு தாழ்வு மண்டலம் கரையேறி உள்நாட்டில் போய்ப் பெய்தபோது பாலாற்றில் வந்த வெள்ளத்தைப் பார்த்தவங்க மறக்க மாட்டாங்க. சித்திரையில் பந்தல் போடுற அதே மணல்.

இப்ப இதோட இன்னொரு பக்கம். நெசவுக்குக் கூலி மாசச் சம்பளம் இல்லை, சேலைக் கணக்கு. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு சேலைக்குப் பத்து நாளிலிருந்து இருபது நாள் வரை பிடிக்கும். குழியில் ஆறு நாள் தண்ணி நின்னா ஆறு நாள் கூலி இல்லை, அவ்வளவுதான், விடுப்புன்னு எழுதிக் கொடுக்க இடம் கிடையாது. அதுவும் எந்த மாசத்தில்? தீபாவளிக்குச் சேலை போய்ச் சேர வேண்டிய ஐப்பசியிலும், தை முகூர்த்தத்துக்கு ஆர்டர் முடிக்க வேண்டிய கார்த்திகையிலும். கடையில் கூட்டம் அதிகமா இருக்கிற பருவமும் தறி நிக்கிற பருவமும் ஒண்ணாவே வந்து தொலையுது.

மில்லிமீட்டர் சொல்லாதது

வானிலை அட்டவணையில் மழைக்கு ஒரே அலகுதான், மில்லிமீட்டர். ஆகஸ்டில் நாலு சாயங்காலம் சேர்ந்து பெய்த 150 மி.மீ., நவம்பரில் மூணு நாள் அடைமழையா பெய்த 150 மி.மீ., அட்டவணையில் ரெண்டும் ஒண்ணு. நெசவாளருக்கு முதல்ல சொன்னதில் ஒரு நாள் கூலிகூடப் போகாது, ரெண்டாவதில் ஒரு வாரம் போகும். தெருவில் மழைநீர் வடிகால் கட்டுறவருக்கு நேர் எதிர். அவருக்கு முதல் மழைதான் சோதனை, ஒரு மணி நேரத்து உச்ச அளவுக்குத்தான் குழாய் விட்டம் போடணும். அந்த வடிகால் எவ்வளவு நல்லா வேலை செஞ்சாலும் ரெண்டாவது மழையில் குழிக்குள்ள ஊறுற தண்ணியை ஒண்ணும் பண்ணாது. 'மழைநீர் வடிகால் பணி நிறைவு'ங்கிற அறிவிப்பும் தறிக்குழியில் தண்ணிங்கிற செய்தியும் ஒரே வருஷத்தில் வர்றதில் ஆச்சரியமே இல்லை.

பள்ளியில் படிச்ச ஆறு பெரும்பொழுதை ஞாபகப்படுத்திப் பாருங்க. ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். அப்புறம் முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில். அப்போ எனக்கு இது மார்க்குக்காகப் படிச்ச பட்டியல், அவ்வளவுதான். இப்போ பார்த்தா மழைக்கு ஒரு பேர் இல்லை, ரெண்டு பேர் இருக்கு. இடியோட வர்றது ஒண்ணு, குளிரோட வர்றது ஒண்ணு. நம்ம சாயங்கால மழை மாசமும் அடைமழை மாசமும் தனித்தனியா நிக்குது. இந்திய வானிலைத் துறையின் நாலு பருவத்தைவிட, ஸ்வீடனின் நாலு பருவத்தைவிட, நம்ம தெருவுக்கு இந்தப் பட்டியல் நல்லாப் பொருந்துது. (பழம்பெருமை பேச இதைச் சொல்லலை. இளவேனில்னு சித்திரையைச் சொல்றதை மட்டும் என்னால ஒத்துக்க முடியாது. காஞ்சிபுரம் பேருந்து நிலையத்தில் சித்திரை மதியம் நின்னு பாருங்க.)

சராசரிக்கும் இதே பிரச்சனை. 2015-ல் தமிழ்நாட்டுக்கு வடகிழக்குப் பருவமழை இயல்பைவிட 50 சதவீதத்துக்கு மேல் அதிகம். அடுத்த வருஷமே, 2016-ல், 60 சதவீதத்துக்கு மேல் குறைவு. அந்த வறண்ட பருவத்துக்கு நடுவுலதான் டிசம்பர் 12-ஆம் தேதி வர்தா வந்து மரங்களைச் சாய்ச்சது. பசிபிக் கடலில் எல் நினோ வந்தால் நாட்டின் பெரும்பகுதிக்குத் தென்மேற்கு மழை குறையும், ஆனா நமக்கு வடகிழக்கு மழை பெரும்பாலும் கூடும். 2015 அப்படிப்பட்ட வருஷம். '1,200 மி.மீ.'ங்கிற எண் உண்மைதான், ஆனா அந்த எண் மாதிரி ஒரு வருஷம் அபூர்வமாத்தான் வரும்.

ரெண்டரை மாசத்தில் வர்ற தண்ணியை வெச்சு மீதி வருஷத்தை ஓட்டணும்கிற கணக்கு இங்க புதுசு இல்லை. இந்த மாவட்டத்தை ஏரி மாவட்டம்னு சொல்றது அதனாலதான். ஒரு ஏரி நிறைஞ்சா கலங்கல் வழியா அடுத்த ஏரிக்குப் போகும், அது நிறைஞ்சா அதுக்கு அடுத்தது. உத்திரமேரூர்க் கல்வெட்டுகளில் (கி.பி. 919, 921) ஊர் நிர்வாகத்துக்குக் குடவோலை முறையில் ஆள் எடுத்த வாரியங்களில் ஏரி வாரியமும் ஒண்ணு. கரை, மதகு, தூர் எடுக்கிறது எல்லாத்தையும் பார்த்துக்க வருஷா வருஷம் ஆள் மாத்தினாங்க. ஏரியும் போக்குக் கால்வாயும் சரியா இருந்தா, அடைமழை முடிஞ்சதும் நீர்மட்டம் தெருவுக்குள்ள தங்காம இறங்க வழி இருக்கும். போக்குக் கால்வாய் அடைபட்டா அந்தத் தண்ணி தங்குற இடங்களில் ஒண்ணு தறிக்குழி.

அப்ப குழிக்கு சிமெண்ட் பூசிட்டா? முதல்ல தோணுற தீர்வு அதுதான். பூச்சு நல்லா இருந்தா ஊற்று நிக்கும். ஆனா வெளியில் நீர்மட்டம் ஏறும்போது அடித்தளத்தை மேல் நோக்கித் தள்ளும் அழுத்தம் வரும், மெல்லிய பூச்சுன்னா விரிசல் விடும். அதைச் சமாளிச்சு கனமா போட்டாலும் கோடையில் மண்குழி கொடுத்த ஈரம் போயிடும், மே மாசம் நூல் அறுக்கும். தரைக்கு மேல நிக்கிற சட்டத் தறிக்கு மாறலாம், சிலர் மாறியிருக்காங்க. ஆனா அதுக்குக் கூரை உயரம் வேணும், பணம் வேணும், வருஷக்கணக்கா தரையில் உட்கார்ந்து பழகின உடம்பு புது உயரத்துக்குப் பழகணும். நவம்பருக்குத் தடுப்பும் மே மாசத்துக்கு ஈரமும் ரெண்டும் கொடுக்கிற ஒரு குழி, ஒரு நெசவாளர் குடும்பம் தாங்கக்கூடிய செலவில். முகத்தைப் பார்த்து அட்டெண்டன்ஸ் போடுற ப்ராஜெக்ட்டை நூத்தியோராவது தடவை செய்யப்போற இறுதியாண்டு நண்பர்களே, இது காலியாத்தான் இருக்கு.

ஆரம்பிக்க பெரிய லேப் எதுவும் வேண்டாம். ரெண்டு சாதாரண வெப்பமானி வாங்கி, ஒண்ணோட குமிழில் ஈரத் துணி சுத்துங்க. தெரிஞ்ச நெசவாளர் வீட்டில் அனுமதி கேட்டு, குழிக்குள்ள ஒரு ஜோடி, பாவு உயரத்தில் ஒரு ஜோடி, தெருவில் நிழலில் ஒரு ஜோடி தொங்க விடுங்க. ரெண்டு வெப்பமானிக்கும் உள்ள வித்தியாசத்தை வெச்சு அட்டவணையில் ஈரப்பதம் பார்த்துக்கலாம். குழிக்குப் பக்கத்தில் மூணடி ஆழத்துக்கு ஒரு துளையிட்ட பிளாஸ்டிக் குழாயை இறக்கி, தினம் காலையில் குச்சி விட்டு நீர்மட்டம் அளங்க. கூடவே தறி ஓடிச்சா இல்லையான்னு ஒரு டிக். புரட்டாசியில் தொடங்கினா தைக்குள்ள ரெண்டு மழையும் உங்க நோட்டில் வந்துடும்.